தராசு ஐயாவின் முப்பது நாள்

உங்கள் போனை நூறு வரைக்கும் சார்ஜ் ஏற்றாதீர்கள். எண்பதில் பிடுங்கிவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் கூடுதலாக உழைக்கும். நான் உள்ளே வந்ததிலிருந்து அது சொருகியபடியே கிடக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பதினான்கு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. எதிரில் இருப்பவருக்கு உபயோகமாக ஒரு வரியாவது சொல்லாவிட்டால் எனக்குத் தின்றது செரிக்காது.

தான் வரும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் என்னைத் தெரியாது. அந்தப் பெண் எழுதிக்கொடுத்த புகாரைப் படித்தேன். கோபத்தில் எழுதியது. ஆறாவது பத்தியில் சொல்ல வேண்டியதை முதல் பத்தியிலேயே கொட்டிவிட்டாள். படிக்கிறவனுக்கு அதற்குமேல் என்ன ஆவல் இருக்கும்? நான் வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் இணையதளத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். கேட்டால் இல்லை என்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். பஸ்ஸுக்கு நிற்கும்போது, டாக்டர் அறைக்கு வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது, கழிப்பறையில், எல்லோரும் எங்களைத்தான் படிக்கிறார்கள். மூன்று சரக்கு எங்களிடம் உண்டு. புதிதாக வந்த கருவிகள், வாரம் ஒரு இலவசப் பரிசு, அப்புறம் உடல்நலச் செய்தி. ஒரு சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறைதான் அலுவலகம். கீழே இஸ்திரி போடும் ஆவி தரை வழியாக ஏறி வரும், அதனால் எங்கள் காகிதமெல்லாம் எப்போதும் கொஞ்சம் நமத்துப்போயிருக்கும். வேலை செய்கிறவர்கள் நானும் இன்னொருவனும். அவன் கருவிகளைச் சோதித்து எழுதுகிறவன். பையில் எந்நேரமும் நாலு சார்ஜர் வைத்திருப்பதால் பேட்டரி என்று பெயர் வைத்தேன், ஒட்டிக்கொண்டது.

உடல்நலச் செய்திகளை நான் எழுதுவேன். நான் டாக்டர் இல்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்தக் கணக்கில் நான் கம்பவுண்டர்கூட இல்லை. எங்கோ யாரோ ஆராய்ச்சி செய்திருப்பார்கள். திங்கட்கிழமை காப்பி இதயத்துக்கு நல்லது, வியாழக்கிழமை கெட்டது. இரண்டையும் போடுவேன். தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால் அது வெறும் கேள்விதான். கேள்வி கேட்டவனை யாரும் பிடித்து உள்ளே போட்டதில்லை. கடைசி வரியில் உங்கள் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள் என்று தவறாமல் இருக்கும். அந்த வரி வரைக்கும் யாரும் வருவதில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய? நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் நாலாவது பத்தியிலேயே இறங்கிப் போய்விடுகிறார்கள்.

கடைசி வரி வரைக்கும் வருகிற ஒருவர் இருந்தார். அவர்தான் நீங்கள் கேட்கிற ஆள்.

எடை அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது வேலை. ஓய்வு பெற்றபின் சோதிக்க ஒன்றும் கிடைக்காமல் எங்கள் தளத்தைச் சோதிக்க ஆரம்பித்தார். தராசு என்ற பெயரில் கருத்து எழுதுவார். காலை ஆறரைக்குக் கட்டுரை போட்டால் ஆறு நாற்பதுக்கு அவர் வந்துவிடுவார். "ஐயா, மூன்றாவது பத்தியில் ஒரு கரண்டி என்கிறீர்கள், ஐந்தாவது பத்தியில் இரண்டு கரண்டி என்கிறீர்கள். எதை எடுத்துக்கொள்ள?" என்று கேட்பார். மரியாதையாகத்தான் கேட்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் ஒருநாள் அவர் வராவிட்டால் கட்டுரை போட்ட மாதிரியே இருக்காது. எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

மூன்று வருஷமாக ஒவ்வொரு வாரப் பரிசுக்கும் அவர் விண்ணப்பம் போட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது, ஏனென்றால் குலுக்கல் என்று பெயரே தவிர நாங்கள் குலுக்குவதில்லை. ஒரே ஒருமுறை உண்மையாகக் குலுக்கினோம். காற்றுச் சுத்திகரிப்புக் கருவி ஒன்று, ஜலதோஷம் பிடித்த ஒரு சிடுமூஞ்சிக்குப் போனது. பரிசோடு எடுத்து அனுப்பிய படத்தில் யாரோ அவர் வீட்டுக்குள் குப்பையைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி நின்றார். அதற்குப் பிறகு நானே தேர்ந்தெடுக்கிறேன். நல்ல முகம், நல்ல நாலு வரி எழுதத் தெரிந்த கை. அதிர்ஷ்டத்தைவிட என் கண் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு கம்பெனி அந்தக் கைக்கடிகாரத்தை அனுப்பியது. நாடித்துடிப்பைக் காட்டும். கூடவே ஒரு முகம் வரும். பச்சைச் சிரிப்பு வந்தால் நலம், சிவப்பாக வாடிய முகம் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பரிசு பெற்றவர் முப்பது நாள் டைரி எழுத வேண்டும், அதை நாங்கள் தொடராக வெளியிட வேண்டும். முப்பது நாளும் முழுசாக வந்தால் ஒரு வருஷத்துக்கு எங்களுக்கு விளம்பரம். அந்த வருஷம் எங்களைப் படிக்கிறவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். கீழே சலவைக்கடைக்காரர்கூட என்னைப் பார்த்து, "இன்னும் நடத்திட்டுத்தான் இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தார்.

பேட்டரி மூன்று நாள் அதைச் சோதித்தான். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க வந்து பாருங்களேன்."

நாற்காலியின் காலில் கடிகாரத்தைக் கட்டியிருந்தான். எழுபத்தாறு, பச்சைச் சிரிப்பு. கழற்றிச் சுருட்டிய துண்டில் கட்டினான். எழுபத்தைந்து, எழுபத்தாறு, சிரிப்பு. வாழைப்பழத்தில் கட்டினான். அதற்கும் அதேதான்.

"வாழைப்பழத்தையாவது விடுங்க, ஏதோ இருந்துட்டுப் போகட்டும். இந்த நாற்காலிக் கால் நேத்து ஏழு மணி நேரம் ஆழ்ந்து தூங்குச்சாம்ண்ணே. பாராட்டுகள்னு வேற போடுது."

"சிவப்பு எப்ப வரும்?"

"வரவே வராது. இது கடிகாரம் இல்லண்ணே, வாழ்த்து அட்டை."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருவருமே சிரித்தோம். பிறகு அவன் முகம் மாறிவிட்டது.

"யாருக்கும் கொடுத்துராதீங்க. உடம்பு சரியில்லாதவங்க யாராவது நம்பிட்டா வம்பு."

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்குற ஆளுடா நீ," என்றேன்.

அவன் சோதித்ததை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தான். வெளியிடவில்லை, ஆனால் கிழித்தும் போடவில்லை. என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. நல்ல நடை அவனுக்கு.

அந்த வார விண்ணப்பப் படிவத்தில் நான் ஒரு கட்டம் கூட்டினேன். உங்களுக்கு ஏதாவது உடல் உபாதை உண்டா என்று. பெரும்பாலோர் 'ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம்' என்று எழுதியிருந்தார்கள். அவர்களால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. தராசு ஐயா எட்டு வரி எழுதியிருந்தார். இதயத்தில் இரண்டு அடைப்பு. நாலு மாத்திரை. மாதம் ஒருமுறை இதய டாக்டரிடம் போக வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும். தனியாக விட மனைவி சம்மதிப்பதில்லை, அவளுக்கோ மூட்டு வலி, படியேறும்போது அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்தக் கருவி கிடைத்தால் அவளை அலைக்கழிக்காமல் இருக்கலாம்.

கதை என்றால் ஏதாவது ஒன்று நூலில் தொங்க வேண்டும். குத்துக்கல் மாதிரி இருக்கிறவனின் நாடியை முப்பது நாள் யார் படிப்பார்கள்? அவரைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வருஷமாக ஏமாந்தவர், பாவம் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை. எது முதலில் தோன்றியது என்று நீங்கள் கேட்டால், சத்தியமாக ஞாபகமில்லை.

நானே போன் செய்து சொன்னேன். அவர் மனைவியைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. "ஏய், இங்க வா, எனக்கு விழுந்திருக்கு. ஆமாடி, எனக்குத்தான்." பிறகு என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா, தப்பா நினைக்கக் கூடாது. இதை உங்க ஆளுங்க சோதிச்சுப் பார்த்தாங்களா?"

"பார்த்தோம் ஐயா. மூணு நாள், பல விதமா கட்டிப் பார்த்தோம். எல்லாத்துலயும் ஒரே மாதிரி காட்டுச்சு."

"அப்ப சரி. ஒரே மாதிரி காட்டணும். அதான் கருவிக்கு அழகு."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் ஏமாளி இல்லை. முதல் நாளே சோதித்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிஷம் எண்ணினார். எழுபத்தைந்து. நான் கொடுத்த கைக்கடிகாரம் எழுபத்தாறு காட்டியது. 'ஒரு துடிப்பு வித்தியாசம், அனுமதிக்கப்பட்ட பிழைக்குள் அடங்கும், முத்திரை வைத்தாயிற்று' என்று டைரியில் எழுதினார். மாத்திரைகள்தான் அவர் நாடியை அந்த அளவில் பிடித்து வைத்திருந்தன என்று பின்னால் அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குருட்டாம்போக்கில் பொருந்திவிட்டது. அதற்குப் பிறகு அவர் விரல் வைத்து எண்ணவே இல்லை. அவர் துறையில் அப்படி ஒரு வழக்கமாம். முத்திரை வைத்த தராசை அடுத்த வருஷம்வரை சந்தேகப்படக் கூடாது; ஆய்வாளனே சந்தேகப்பட்டால் கடைக்காரன் யாரை நம்புவான் என்று மூன்றாம் நாள் டைரியில் விளக்கியிருந்தார். எனக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது. கொட்டை எழுத்தில் போட்டேன்.

டைரி பிய்த்துக்கொண்டு ஓடியது. நானே எதிர்பார்க்கவில்லை. ஆறாம் நாள் மூன்று மாடி ஏறியும் எழுபத்தேழுதான் காட்டியது. 'என் இதயம் இவ்வளவு நிதானமானது என்று முப்பத்தைந்து வருஷ சர்வீசில் யாரும் சொல்லவில்லை' என்று எழுதினார். மனைவியோடு சண்டை போட்ட நாள் எழுபத்தாறு. 'அப்படியானால் தப்பு அவள்மேல்தான்' என்றார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மாவின் மூட்டுக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று நாற்பது பேர் எழுதினார்கள். எங்களைப் படிக்கிறவர்கள் மூன்று மடங்கானார்கள். காலையில் எழுந்ததும் நானும் முதலில் அதைத்தான் படித்தேன். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதைச் சொன்னால் அந்தப் பெண் நம்ப மாட்டாள்.

பன்னிரண்டாம் நாள் டாக்டரிடம் போக வேண்டிய முறை. போகவில்லை. 'இரண்டு பஸ் மிச்சம், அவள் கால் மிச்சம்' என்று எழுதினார். பதினான்காம் நாள் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மாத்திரை இல்லாமல் இதயம் வாழுமா என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன், அதைப் படித்துவிட்டு. கடைசி வரியையும் படித்திருக்கிறார். 'மருத்துவரைக் கேட்கச் சொல்கிறீர்கள் ஐயா, மருத்துவர்தான் இப்போது என் கையிலேயே இருக்கிறாரே' என்று எழுதியிருந்தார்.

அன்று பேட்டரி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அண்ணே, விளையாட்டு போதும். அவர்கிட்ட சொல்லிடுங்க."

"இன்னும் பதினாறு நாள்தான்டா. முடிஞ்சதும் நானே போய்ச் சொல்றேன்."

"பதினாறு நாள் அவர் இருக்கணுமே."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றேன். அவன் போய்விட்டான்.

பத்தொன்பதாம் நாள் காலை ஒன்பதே காலுக்கு டைரி வந்தது. வழக்கத்தைவிடச் சின்னது. அப்படியே சொல்கிறேன், மனப்பாடமாக இருக்கிறது. 'விடிந்ததிலிருந்து நெஞ்சில் இருபது கிலோ கல்லை வைத்த மாதிரி இருக்கிறது. இடது கை கடுக்கிறது. வேர்க்கிறது. கருவி எழுபத்தாறு காட்டுகிறது, சிரிக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறாள் இவள். நான் முத்திரை வைத்த கருவியை நானே நம்பாமல் போவதா என்று யோசிக்கிறேன். சோதித்தவர்கள் நீங்கள். போகட்டுமா, வேண்டாமா? சொல்லுங்கள்.'

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். படித்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பெரிய பொறுப்பு அது. ஒரு தனி மனிதன், அதுவும் டாக்டர் இல்லாதவன், எப்படி முடிவு சொல்ல முடியும்? எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த போன் நல்லது, எந்தத் தலைப்பு வைக்கலாம், எதில் சந்தேகம் வந்தாலும் வாசகர்களிடம் ஓட்டுக்கு விடுவோம். விட்டேன். 'தராசு ஐயா என்ன செய்ய வேண்டும்? அ. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆ. கடிகாரத்தை நம்பலாம்.' பன்னிரண்டு மணி வரை நேரம் கொடுத்தேன். முடிவு வரும்வரை பொறுத்திருக்கும்படி அவருக்கும் ஒரு வரி அனுப்பினேன். காத்திருக்கிறேன் என்று பதில் வந்தது.

பேட்டரி அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன், ஒரு போன் போடுங்க. இல்ல, நம்பரைக் கொடுங்க, நான் பேசுறேன்."

"வாசகர் விவரத்தை வெளியே கொடுக்க முடியாதுடா. நம்ம விதியே அதுதான்."

"நான் வெளியாளா?"

"விதின்னா எல்லாருக்கும்தான்."

அவன் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இரண்டே முக்கால் மணி நேரத்தில் எங்கள் தளத்தில் அதுவரை விழாத அளவு ஓட்டு விழுந்தது. பன்னிரண்டு மணிக்கு முடிவை வெளியிட்டேன். கடிகாரத்தை நம்பலாம், நூற்றுக்கு எழுபத்தொன்று. ஆஸ்பத்திரி, இருபத்தொன்பது. தராசு ஐயாவுக்குத் தனியாகவும் அனுப்பினேன். உடனே பதில் எழுதினார். 'பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். எனக்காக இத்தனை பேர் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன்.'

மாலை ஐந்து மணிக்கு அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அந்த அம்மா.

"தம்பி, நான் அவர் வீட்டுல பேசறேன். மத்தியானம் படுத்தவர் இன்னும் எந்திரிக்கல. ரெண்டு மணிக்கு எழுப்பினேன், அசையல. கை சில்லுனு இருந்துச்சு. ஆனா கடிகாரத்துல எழுபத்தாறு காட்டுது, சிரிச்ச மூஞ்சி வருது. சரி, அசந்து தூங்கறாரு போலன்னு பக்கத்துலயே உக்காந்திருக்கேன். இப்ப உடம்பு விறைச்ச மாதிரி இருக்கு. கடிகாரம் இன்னும் சிரிக்குது தம்பி. நீங்கதானே கொடுத்தீங்க, இது சரியாத்தானே காட்டும்?"

"மூச்சு வருதாம்மா?"

"எனக்குப் பாக்கத் தெரியல. அதுக்குத்தானே இதைக் கட்டிக்கிட்டாரு."

நான் கல் இல்லை. மூன்று மணி நேரம் அந்த அம்மா ஒரு பிணத்தின் தூக்கத்தைக் கலைக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. ஆனாலும் நிதானத்தை விடவில்லை. "முதல்ல கடிகாரத்தைக் கழட்டுங்கம்மா," என்றேன். "அது வந்த பெட்டி இருக்கில்ல, அதுல வெச்சிடுங்க. எனக்குக் கூரியர்ல அனுப்பிடுங்க. கழட்டினதும் ஆம்புலன்சைக் கூப்பிடுங்க." கருவிகளைப் பற்றித் தெரியாதவர்கள் கையில் அது கிடைத்தால் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்பது என் கவலை. பெட்டியை அலமாரிமேல் வைத்திருந்தாராம், ஸ்டூல் போட்டு ஏறி எடுக்க அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. நான் பாதியில் போனை வைத்துவிடவில்லை, லைனிலேயே இருந்தேன்.

இரண்டு நாளில் கூரியர் வந்தது. கடிகாரத்தைத் துடைத்து, சார்ஜ் வயரைச் சுருட்டி, விளக்கப் புத்தகத்தோடு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம். 'முப்பது நாள் எழுதித் தருவதாக உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பதினொரு நாள் குறைகிறது. வாக்குத் தவறாத மனிதர், அவருக்காக நீங்கள் மன்னிக்க வேண்டும். இதை வேறு யாராவது நோயாளிக்குக் கொடுங்கள், உபயோகப்படும்.' படித்துவிட்டு அழுதேன். வாய்விட்டு அழுதேன். கீழே சலவைக்கடையிலிருந்து ஆள் ஏறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டான்.

அந்தக் கடிதம்தான் என்னை முடிவெடுக்க வைத்தது. அந்த மனிதர் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேறு யார் இருக்கிறார்கள்? விட்டுப்போன இருபதாம் நாளையும் சேர்த்து, அன்றிலிருந்து நானே எழுதினேன். மூன்று வருஷம் அவரைப் படித்ததில் அவர் நடை எனக்கு நன்றாக வந்தது. இருபதாம் நாள், 'நேற்று வெறும் வாய்வு. வாசகர்கள் சொன்னது சரியாகப் போயிற்று' என்று எழுதினேன். இருபத்திரண்டாம் நாள் மனைவியைக் கடைக்கு நடத்திக் கூட்டிப்போனேன், அதாவது அவர் கூட்டிப்போனார். பதினான்கு வருஷத்தில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அந்தப் பதினொரு நாள்தான். பலர் கண் கலங்கியதாக எழுதினார்கள்.

இருபத்து நான்காம் நாள், 'இவர் இறந்து ஐந்து நாள் ஆகிறது. இதை எழுதுவது யார்?' என்று ஒரு கருத்து வந்தது. மற்ற வாசகர்களைப் புண்படுத்தும் கருத்துகளை நீக்குவது எங்கள் விதி. நீக்கினேன். மறுபடி வந்தது. மறுபடி நீக்கினேன். ஏழு முறை. கடைசியில் ஆளே வந்துவிட்டாள். அவருடைய தங்கை மகள், நர்ஸ். டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள், சீருடையைக்கூட மாற்றவில்லை. பேட்டரிதான் கதவைத் திறந்தான். அவளை உட்காரவைத்துவிட்டு, என்னைக் கேட்காமலே என் இரண்டாவது இழுப்பறையைத் திறந்து அந்த ஒரு பக்கத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். நாற்காலிக் கால், துண்டு, வாழைப்பழம், எல்லாம் அதில் இருந்தது. அவள் நின்றுகொண்டே படித்தாள்.

"எங்க மாமா உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. போகட்டுமா வேண்டாமான்னு. போங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன சார் கேடு?"

"நான் எதுவும் சொல்லலம்மா. வாசகர்கள்தான் முடிவு பண்ணாங்க."

"அத்தை இன்னும் உங்களை நல்லவர்னு சொல்லிட்டிருக்காங்க," என்றாள். அப்படியே இறங்கிப்போய் உங்களிடம் வந்துவிட்டாள். பேட்டரியும் கூடவே போய்விட்டான். முப்பதாம் நாளை நான் தனியாக உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

வாசகர்கள்தான் முடிவு செய்தார்கள் என்று இங்கேயும் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் கோப்பின் மேலே இருக்கிற தாள், தளத்தின் உள்ளே பதிவாகிற ஓட்டுக் கணக்கு. பேட்டரி அச்சடித்துக் கொடுத்திருக்கிறான். அதில் இருப்பது சரிதான். பன்னிரண்டு மணிக்கு எழுபத்தொரு சதவீதம் பேர் அவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். போயிருந்தால் தொடர் பத்தொன்பதாம் நாளோடு நின்றிருக்கும். முதல் வேலையாக யாராவது அவர் கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்திருப்பார்கள். போகாவிட்டால் அவர் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். தெரியும். நெஞ்சில் பாரம், இடது கை, வியர்வை, முதல் ஒரு மணி நேரம் பொன் போன்றது என்று மாதம் ஒருமுறை அதே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் போடுகிறவன் நான்.

இரண்டு எண்களை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்று உங்கள் தாளில் இல்லை, அதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று காலை பேட்டரி கதவைச் சாத்திக்கொண்டு, சோதனைக்கு வந்து அலமாரியில் கிடந்த பதினேழு போன்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, பதினேழிலிருந்தும் 'போக வேண்டும்' என்று ஓட்டுப் போட்டிருக்கிறான். அந்தப் பதினேழையும் தேடிப் பிடித்து நீக்கிய பிறகுதான் நான் கணக்கையே தொட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான். என் தளத்தில் இதுவரை ஒரு கள்ள ஓட்டைக்கூட நான் அனுமதித்ததில்லை.